மணலைத் தொட்டால் நீர் ஊறுமா?

கேள்வி: பள்ளியில் படிக்கும் என் மகள் ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’ என்ற குறளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். திடீரென்று, “மணலைத் தொட்டா எப்படிம்மா தண்ணி தூறும்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. விளக்குவீர்களா?
- ஒரு வாசகி

பதில்: சகோதரி, குறளை ஒப்பிப்பதோடு நிற்காமல் இது நடக்கிற காரியமா என்று யோசித்திருக்கிறாளே உங்கள் மகள், அதற்கே அவளைத் தட்டிக்கொடுங்கள்.

இங்கே ‘தொடு’ என்றால் தோண்டு. கையால் தொடுவதும் இதுவும் வடிவில் ஒன்று, பொருளில் வேறு. ‘தோண்டிய அளவிற்றாக ஊறும்’ என்றுதான் பரிமேலழகரும் உரை சொல்கிறார். பட்டினப்பாலையில் கரிகாலன் ‘குளம் தொட்டு வளம் பெருக்கி’யது குளம் வெட்டித்தான். புறநானூற்றின் 6-ஆம் பாட்டில் கடலே ‘தொடுகடல்’. சகரர் தோண்டிய கடல் என்ற பழங்கதையை வைத்து அதற்குப் பொருள் சொல்வார்கள். இன்று நம் வாயில் புழங்கும் ‘தோண்டு’ இதற்கு நெருங்கிய உறவு. கன்னடத்திலும் தோண்டுவதற்குத் ‘தோடு’ என்பார்கள். தமிழில் தோண்டு நிலைத்துவிட, பழைய ‘தொடு’ இந்தப் பொருளில் பேச்சிலிருந்து விலகிவிட்டது.

தூறலுக்கும் இங்கே வேலையில்லை. தொட்ட அனைத்து ஊறும் என்பதுதான் சேர்ந்து ‘தொட்டனைத்தூறும்’ ஆனது. அந்த ‘அனைத்து’ என்பதை ‘எல்லாம்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘அந்த அளவு’ என்று பொருள். குறளின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பேன். வறண்ட ஆற்றில் ஊற்றுப் பறிக்கும்போது முதலில் வெறும் ஈரம்தான் தட்டுப்படும். இன்னும் பறித்தால் பக்கத்து மணல் சரியும், அடியில் கலங்கலாக நீர் கசியும். அதை இறைத்துவிட்டு மேலும் ஆழப்படுத்தினால் தெளிந்த நீர் கூடுதலாகச் சுரக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறோமோ, அவ்வளவு நீர். ‘கற்றனைத் தூறும் அறிவு’ என்ற அடுத்த அடியையும் இதே அளவுக் கணக்கில் படிக்க வேண்டும்.

தோண்டுவதற்கு வள்ளுவர் ‘அகழ்’ என்றும் சொல்வார்: ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல’. அடுத்த அடியில் ‘இகழ்வார்’ வருவதால் எதுகையும் அமைந்துவிட்டது. அகழி, கீழடி அகழாய்வு எல்லாம் இந்தச் சொல்லின் வழி வந்தவையே.

மகளிடம் முதலில் ‘தொட்ட, அனைத்து, ஊறும்’ என்று தாளில் பிரித்து எழுதிக் காட்டுங்கள். பிறகு தமிழ் அகராதியில் ‘தொடு’ என்ற சொல்லை அவளையே தேடச் சொல்லுங்கள்.