லேசர் வெட்டு இருக்கும்போது ஸ்க்ரோல் சாவில் மர விளக்குக்கூடு செய்வது வீண் உழைப்பா?

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி மரத்தை வளைவு வளைவாக அறுக்கும் ஸ்க்ரோல் சா இயந்திரம் ஒன்றை வாங்கி, படுக்கையறை இரவு விளக்குக்கு மரத்தில் வேலைப்பாடுள்ள கூடு ஒன்று செய்ய ஆசைப்படுகிறீர்கள், படத்தைக் கொடுத்தால் லேசர் கடையில் சற்று நேரத்தில் வெட்டித் தந்துவிடுவார்களே, எதற்கு இந்தப் பாடு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வீண் பாடு இல்லை என்பதே என் பதில். கோவையில் உலோகத்தை உருக்கி வார்க்கும் பவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கான மாதிரி உருவம், செய்யும் வேலையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்பதால், இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

பழைய தொழிலாளி ஒருவர் புதிய இயந்திரத்தின் மீது கோபத்தைக் கொட்டுகிறார் என்று எழுத வருவோருக்கு முன்னதாகவே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரே மாதிரியான நூறு கூடுகள் வேண்டுமென்றால் நானே லேசர் கடைக்குத்தான் போவேன். தலைமுடிக் கனத்தில் கோடு வெட்ட வேண்டுமென்றாலும் அதுவே சரி. நீங்கள் கேட்பது உங்கள் வீட்டில், உங்கள் கட்டிலருகே, உங்கள் வீட்டார் கண்ணுக்கு ஏற்ற ஒரு விளக்கைப் பற்றி. அநேகமாக அலுவலகம் விட்டு வந்து இரவில் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் கிடைக்கும் ஒருவர் நீங்கள் என்று எண்ணிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இரவு விளக்குக்கூட்டைத் தொடங்குகிற எல்லோரும் முதலில் படத்தைத் தேடுகிறார்கள். மயிலா, மரமா, பிள்ளையாரா என்று தேர்ந்தெடுத்த பிறகுதான் விளக்கை எங்கே வைப்பது என்று யோசிக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். இரவில் எழுகிறவர் எந்த இடத்தில் கால் வைப்பார், படுத்திருப்பவரின் கண் எந்த உயரத்தில், எந்தப் பக்கத்தில் இருக்கும் என்ற இரண்டும் தெரிந்த பிறகே எங்கே வெட்ட வேண்டும் என்பது தெரியும். பேட்டர்ன் தொழிலில் நாங்கள் மரத்தைச் செதுக்கும்போதே, அது மணலில் விட்டுச்செல்லப் போகும் வெற்றிடத்தைத்தான் மனத்தில் வைத்திருப்போம். அந்த வெற்றிடத்தில்தான் உருகிய இரும்பு போய் நிற்கும். வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு எட்டில் ஓர் அங்குலம் சுருங்கும் என்பதால், அந்த அளவைக் கூட்டியே பொறித்த தனி அளவுகோலை வைத்து மரத்தை அளப்போம். விளக்குக்கூட்டிலும் நாம் உண்மையில் செய்வது மரத்தை அன்று, மரம் இல்லாத இடத்தை. இது புரிந்துவிட்டால் மீதியெல்லாம் கைப்பழக்கம்.

நான் முதலில் செய்த கூடு என் அம்மாவுக்காக. சூலூர்ப் பக்கம் எங்கள் பழைய வீட்டில், அறைக்கும் நடைக்கும் இடையே உயர்ந்த நிலைப்படி ஒன்று உண்டு. அம்மாவுக்குக் கண்புரை முற்றிவந்த காலம். விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறது, கண் கூசுகிறது என்று சொல்லி, சுவரில் இருந்த பச்சை ஜீரோ வாட் பல்பை அணைத்துவிட்டு இருட்டிலேயே நடப்பார். வெளிச்சம் கண்ணில் படக்கூடாது, நிலைப்படியில் விழ வேண்டும் என்பதே எனக்கு இடப்பட்ட வேலை. எந்தக் கடையிலும் அப்படி ஒரு விளக்கு கிடைக்கவில்லை. விற்பவையெல்லாம் பார்க்க அழகாக, கண்ணுக்கு நேராக எரிபவை.

அந்தப் பழைய பல்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜீரோ வாட் என்று பெயர் இருந்தாலும், இழை எரியும் பழைய பல்பு சுமார் 15 வாட் மின்சாரம் எடுத்துக்கொண்டு, அதில் பெரும்பகுதியை வெப்பமாகத்தான் வெளியிடும். அதை மூடிய மரக்கூட்டுக்குள் இரவு முழுவதும் எரியவிடக் கூடாது. அரை வாட் எல்இடி விளக்கே போதும். நிறம் 2700 கெல்வின் அல்லது அதற்கும் கீழே, மஞ்சள் சார்ந்ததாக இருக்கட்டும்; நீலம் மிகுந்த வெள்ளை ஒளி, தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கும்.

கூட்டை மூன்று முகம் கொண்டதாக, பின்புறம் சுவரோடு ஒட்டும்படி அமைத்தேன். அடிப்பகுதியைத் திறந்தே விட்டதால் ஒளியின் பெரும்பங்கு தரையில் விழுந்தது. கட்டிலைப் பார்த்த பக்கப் பலகைகளில் 2 மில்லிமீட்டர் அகலமுள்ள நெடுக்குப் பிளவுகளை மட்டும் வெட்டினேன். பலகையின் கனம் 4 மில்லிமீட்டர். பிளவின் அகலம் அதில் பாதி. இந்த விகிதத்தில், நேர் எதிரே இருந்து சுமார் 27 பாகை பக்கவாட்டில் விலகிவிட்டால் உள்ளிருக்கும் விளக்கு நேரடியாகக் கண்ணில் படாது; பிளவின் ஓரச் சுவர் மட்டுமே மங்கலாக ஒளிரும். பிளவை இன்னும் குறுக்கினால் கோணம் குறையும், அகலப்படுத்தினால் கூடும். நெடுக்குப் பிளவு பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு விளக்கை மறைக்கும். கிடைப் பிளவு மேலிருந்தோ கீழிருந்தோ பார்ப்பவருக்கு மறைக்கும். ஒரு தாளில் முக்கோணம் வரைந்தாலே இந்தக் கணக்கு பிடிபட்டுவிடும்.

முன்பலகையில் அம்மா வாசலில் போடும் சிக்குக் கோலத்தையே வைக்க நினைத்தேன். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கோலத்தின் கோட்டை அறுத்து எடுத்தால், மூடிய வளைவுக்குள் இருக்கும் மரம் முழுவதும் துண்டு துண்டாக உதிர்ந்துவிடும். எனவே கோட்டை மரமாகவே நிறுத்திவிட்டு, இடைவெளிகளை அறுத்தெடுக்க வேண்டும். சிக்குக் கோலம் தன்னைத் தானே வெட்டிக்கொண்டு போகும் கோடு ஆகையால், ஒவ்வொரு சந்திப்பிலும் மரம் மரத்தைப் பிடித்துக்கொள்ளும். வெளிச் சுழிகள் மட்டும் சுற்றுச்சட்டத்தைத் தொடுமாறு வரைந்துகொள்ள வேண்டும். ஆனால் புள்ளிகள் எதையும் தொடுவதில்லை. இடைவெளி போகும்போது அவையும் போய்விடும். தாளில் வரைந்ததை அம்மாவிடம் காட்டியபோது, “ஏஞ்சாமி, புள்ளி எங்க? புள்ளியில்லாம அதெப்படிக் கோலமாகும்?” என்று கேட்டுவிட்டார். புள்ளி நிற்காது என்று விளக்கம் சொல்லலாம்தான். ஆனால் அவர் கேட்டது நியாயமானது. ஒளி பரவுவதற்காக முன்பலகையின் பின்னால் சென்னிமலைக் கைத்தறி வெள்ளைத் துணி ஒன்றை இழுத்து ஒட்டுவதாக இருந்தேன். தனியே அறுத்த சிறு மர வட்டுகளை அந்தத் துணியின் மேல் அதனதன் இடத்தில் பசையிட்டு வைத்தேன். விளக்கு எரிந்ததும் மஞ்சள் ஒளியின் நடுவே புள்ளிகள் கருமையாக, வரிசை தப்பாமல் நின்றன. என் கையால் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பலகைதான் என்று தயங்காமல் சொல்வேன்.

மரத்தைப் பற்றிச் சொல்கிறேன். மெல்லிய தனி மரப் பலகையில் நுண்ணிய கோடுகளை நிறுத்தினால், நார் ஓட்டத்துக்குக் குறுக்கே போகும் கோடுகள் எல்லாம் முறியும். எந்தப் பக்கமும் ஒரே வலுவோடு நிற்க வேண்டுமென்றால் அடுக்குகள் மாறி மாறி ஒட்டிய பிளைவுட்டே ஏற்றது. தேக்கு முகம் ஒட்டிய 4 மில்லிமீட்டர் பிளைவுட் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. விலை மலிந்ததை வாங்காதீர்கள். உள்ளடுக்கில் வெற்றிடம் இருந்தால் பிளேடு அந்த இடத்தில் துள்ளும். சட்டத்துக்கு மட்டும் பழைய வீடு இடித்த தேக்கு வாங்குங்கள்; பல ஆண்டுகள் காய்ந்த மரம் இனி எளிதில் முறுக்காது. எந்த மரம் என்ன நிறம், என்ன ரேகை என்று தெரிந்துகொள்ள விரும்பினால், கோவை வனக் கல்லூரி வளாகத்தில் 1902-இல் தொடங்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகத்தின் மர மாதிரிகளை ஒருமுறை பார்ப்பது பயன் தரும்.

இயந்திரம் வாங்கும்போது ஒன்றை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: முனையில் ஊசி இல்லாத, தட்டையான 5 அங்குலப் பிளேடு அதில் பூட்டுமா என்பது. முனையில் குறுக்கு ஊசி உள்ள பிளேடு நுழைய பெரிய துளை வேண்டும். கோலத்தின் சிறிய இடைவெளிகளுக்கு அது உதவாது. தட்டைப் பிளேடுக்கு ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் துளை போதும். ஒற்றைப் பலகைக்கு 2 அல்லது 3-ஆம் எண் பிளேடு, அதிலும் கீழ்ப்பற்கள் மேல்நோக்கித் திரும்பிய வகை கிடைத்தால் அடிப்பக்கம் சிம்பு பெயராது. இயந்திரம் வாங்க இப்போது வசதியில்லை என்றால் வில் போன்ற சட்டமுள்ள கை ஃபிரெட்சாவே போதும். நேரம் கூடும், வேலை கெடாது.

படத்தை மரத்தில் நேராக ஒட்டாமல், முதலில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி அதன் மேல் ஒட்டுங்கள். முடிந்ததும் தாளும் பசையும் ஒன்றாக உரிந்து வரும். பக்கப் பலகைகள் இரண்டையும் இருபக்க டேப்பால் சேர்த்து ஒன்றாகவே அறுத்தால் அணுவளவும் மாறாது. அதற்கு முன் சிறிய மூலைமட்டத்தை மேடையில் வைத்து, பிளேடு செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள்; சாய்ந்திருந்தால் மேற்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் அளவு வேறுபடும். பிளேடை விரலால் தட்டினால் தெளிந்த ஓசை எழும்வரை இறுக்குங்கள். பெரும்பாலான பிளேடுகள் ஒரு பக்கம் சற்றே இழுக்கும்; ஓர் ஓரத்தில் மட்டும் பிசிர் இருப்பதே காரணம். பலகையைச் சிறிது சாய்த்துத் தள்ளினால் கோட்டில் போகும், இயந்திரத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. நடுவிலுள்ள சிறிய இடைவெளிகளை முதலில் அறுத்து வெளிப்புறம் நோக்கி வாருங்கள்; சுற்றோரம் முழுதாக இருக்கும்வரை பலகைக்கு வலு இருக்கும். ஒவ்வோர் இடைவெளிக்கும் பிளேடின் மேல்முனையைக் கழற்றி, துளையில் நுழைத்து, மறுபடி பூட்டி இறுக்க வேண்டும். பலரும் இந்த இடத்தில்தான் சலிப்படைந்து லேசர் கடையை நினைக்கிறார்கள். எனக்கோ வேலையின் சுகமே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு துளையிலும் கை ஓய்ந்து, கண் அடுத்த கோட்டைப் பார்த்துக்கொள்கிறது. முகமூடி இல்லாமல் மட்டும் உட்காராதீர்கள், பிளைவுட் தூளில் பசையும் கலந்திருக்கும்.

லேசரில் வெட்டிய பலகையின் வெட்டுச்சுவர் கருகியிருக்கும். அலங்காரத் தட்டுக்கு அந்தக் கருமை அழகாகவே இருக்கலாம். ஆனால் விளக்குக்கூட்டில் அந்தச் சுவர்தான் ஒளியை வாங்கி வெளியே அனுப்பும் இடம். கறுத்த சுவர் ஒளியை விழுங்கிவிடும். பிளேடு அறுத்த சுவர் மரத்தின் வெளிர்நிறத்தோடு மின்னும். உப்புத்தாளை மடித்து ஒவ்வொரு பிளவிலும் தேய்த்துக் கருமையைப் போக்கலாமே என்பார்கள். போக்கலாம், ஆனால் கையால் அறுத்திருந்தால் ஆகும் நேரத்தை அதில் செலவிட நேரும்.

இதைச் சொல்லும்போது மனத்தில் கிடக்கும் வேறொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோவை பம்புசெட்டுகள் நாடெங்கும் போயின. அவற்றின் வார்ப்புகளுக்கு முதலில் மரத்தில் உருவம் கொடுத்த பேட்டர்ன் தொழிலாளியின் பெயர் எங்கும் இல்லை. உலோகப் பேட்டர்னும், கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரமும் வந்தபின், நான் வேலை பார்த்த இடத்தில், அங்குலம் அங்குலமாக இழைத்து மெழுகிட்ட தேக்குப் பேட்டர்ன்களை விறகு விலைக்கு ஏற்றி அனுப்பினார்கள். தொழில்முறை மாறியதில் எனக்கு வருத்தமில்லை, மாறத்தான் வேண்டும். ஒன்றையாவது சுவரில் மாட்டி வைத்திருக்கலாம் என்ற வருத்தம் உண்டு. இன்று ஒருவர் கையால் அறுத்த கூட்டைக் காட்டும்போது “லேசருங்களா?” என்பதே முதல் கேள்வியாக வரும்போது அந்தப் புண் மறுபடி வலிக்கிறது.

சட்டத்துக்கு 10 மில்லிமீட்டர் சதுரத் தேக்குக் கால்களில் 4 மில்லிமீட்டர் பள்ளம் எடுத்துப் பலகைகளைச் செருகுங்கள். முன்பலகையை ஒட்டிவிடாதீர்கள், துணியைச் சுத்தம் செய்யக் கழற்ற வேண்டியிருக்கும். கூட்டின் எடையைச் சுவரில் அடித்த திருகு தாங்கட்டும், பிளக் தாங்கக் கூடாது. 230 வோல்ட் வேலையில் பழக்கமில்லை என்றால், கைப்பேசி சார்ஜரில் இயங்கும் 5 வோல்ட் எல்இடியைப் பயன்படுத்துங்கள். வெளிப்புறத்துக்கு மெல்லிய பாலிஷ் போதும். உட்புறத்துக்கு வெள்ளை பெயின்ட் அடித்தால் அதே அரை வாட்டில் தரையில் இன்னும் நல்ல வெளிச்சம் விழும். அந்த பெயின்ட் பிளவுகளின் சுவரில் இறங்காதபடி அறுப்பதற்கு முன்பே பலகையின் பின்புறத்தில் அடித்துக் காயவிடுங்கள். படத்தை அச்சிடும்போது, பக்கத்துக்குப் பொருத்தும் வசதியை அணைத்துவிட்டு நூறு விழுக்காட்டு அளவிலேயே அச்சிட வேண்டும். இல்லையென்றால் 2 மில்லிமீட்டர் என்று நீங்கள் கணக்கிட்ட பிளவு தாளில் வேறு அளவாக இறங்கும், பலகையும் சட்டத்தின் பள்ளத்தில் ஆடும்.