பத்தாம் வகுப்பில் கதை வாசித்துக் காட்டுவது நேர விரயமா?

"பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டி எழுதப் பழக்குவது நேர விரயமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக வேலைக்கு வந்த தமிழாசிரியராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். "மொதல்ல ரிசல்ட்டைப் பாருங்க" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். தாராளமாக வாசித்துக் காட்டுங்கள்.

வீட்டுக்கு வந்த உறவினருக்குச் செய்த விருந்தோம்பலை எழுதச் சொல்லிப் பாடப்புத்தகத்தில் ஒரு கேள்வி உண்டல்லவா? நோட்ஸில் இருப்பதை அப்படியே மனப்பாடம் செய்து வகுப்பே ஒரே பதிலை எழுதும். எல்லார் வீட்டிலும் தலைவாழை இலை, எல்லார் வீட்டிலும் பாயசம்.

ஒரு வருடம் அந்தக் கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, அதே இயலில் உள்ள கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவல் பகுதியை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். களைத்துப் போய் வந்த முன்பின் தெரியாத இளைஞனுக்கு அன்னமய்யா நீச்சுத்தண்ணி (மேல்கஞ்சி) கொடுப்பதும், கம்மஞ்சோற்றை எல்லாரும் பகிர்ந்துகொள்வதும் வரும் இடம். முடித்ததும், "உங்க வீட்ல நடந்ததை மட்டும் எழுதுங்க" என்றேன்.

வழக்கமாகப் பக்கத்தில் பார்த்து எழுதும் பையன் ஒருவன் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். மாமா ராத்திரி சொல்லாமல் வந்துவிட்டார். மீதிச் சோற்றில் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. அம்மா அதைப் பிழிந்து வெங்காயம் போட்டுத் தாளிக்கிறார், இவனைப் பின்வாசல் வழியாக முட்டை கடன் வாங்க அனுப்புகிறார். சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்ததை மாமா பார்த்துவிட்டு, பார்க்காதது போல டிவி பக்கம் திரும்பிக்கொண்டாராம். ஏகப்பட்ட எழுத்துப்பிழை. நான் சிவப்பு மையைத் தொடவில்லை. மறுநாள் அவனே புத்தகத்தைத் திறந்து, பேச்சு வரும் இடங்களில் மேற்கோள் குறி எப்படிப் போட்டிருக்கிறது என்று பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தான். நிறுத்தக்குறிப் பாடத்தை எத்தனையோ முறை நடத்தியும் வராத அக்கறை அது.

இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதற்குச் சண்டைக்கு வராதீர்கள். எழுத்துக்கூட்டவே திணறும் பிள்ளைக்கு இது மட்டும் போதாது என்பதும் தெரியும். அவர்களுக்குத் தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை 2023இல் கொண்டுவந்த வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் நல்லவை. நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்திருப்பதால் அவரவர் வேகத்துக்கு எடுத்துக் கொடுக்கலாம்.

அப்புறம் ஒன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அரையாண்டுத் தேர்வு முடிந்தால் போதும், "தமிழ்தானே சார், பசங்க பாஸாயிடுவாங்க" என்று நம் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் மேலிருந்து நெருக்கடிதான். ஆனால் ஒரு கதையை வாசித்து, எழுத வைத்து, திருப்பி எழுத வைக்க அந்தப் பாடவேளைகள்தான் நமக்கு வேண்டும். ஜனவரி வரை காத்திருக்காமல் தலைமையாசிரியரிடம் இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.