வலி நின்னுடுச்சு, வீக்கம் மட்டும் நிக்கல

பல் டாக்டரிடம் கேளுங்கள்

கேள்வி: மேடம், என் பொண்ணுக்கு 9 வயசு. வலது பக்கம் கீழ் கடைவாய்ப்பல்லுல ரொம்ப நாளாவே ஓட்டை. தை மாசம் ரெண்டு ராத்திரி தூங்காம அழுதா, கிராம்பு தைலம் வச்சு வலி மாத்திரை கொடுத்தோம், அப்புறம் தானா நின்னுடுச்சு, சரி பால் பல்லுதானே விழுந்துடும்னு விட்டுட்டோம். இப்ப ஒரு மாசத்துக்கு மேல அதே பக்கம் தாடை வீங்கியே இருக்கு. எங்க அத்தை பொன்னுக்கு வீங்கின்னு சொல்லி அவங்க சங்கிலியைக் கழட்டி கழுத்துல போட்டுவிட்டாங்க. பக்கத்துல ஒரு டாக்டர் 5 நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார், கொஞ்சம் இறங்கி திரும்ப வந்துடுச்சு, மறுபடி அதே மருந்து, மறுபடி அதே கதை. இப்ப பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துட்டு கிருமி தாடை எலும்புக்குப் போயிடுச்சு, ஆஸ்டியோமைலைட்டிஸ், பல்லை எடுக்கணும்கறார். நெட்ல போட்டுப் பார்த்தா கேன்சர்னெல்லாம் வருது. எனக்குத் தூக்கமே போச்சு.
– பெயர் வேண்டாம், திண்டுக்கல் பக்கம்

பதில்: முதல்ல அந்த போனை கீழ வைங்க. உங்க பொண்ணுக்கு வந்திருக்கறது பயமுறுத்தற பேருதான், ஆனா எங்கிருந்து வந்துச்சுன்னு கண்ணுக்கு முன்னாடியே தெரியுது, காரணம் தெரிஞ்சுட்டா இது நல்லா குணமாகற வியாதி.

இப்ப ஒரு வேலை பண்ணுங்க. பொண்ணை வாசல் வெளிச்சத்துல உட்கார வச்சு வாயைத் திறக்கச் சொல்லி, கீழ் முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல இருந்து வலது பக்கமா ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே போங்க. 6-வதா பெருசா அகலமா ஒரு பல்லு வரும், ஓட்டை அதுலதான் இருக்கும்னு நினைக்கிறேன். அது பால் பல்லே கிடையாது. 6 வயசு வாக்குல எந்தப் பல்லும் விழாமலே கடைசி பால் பல்லுக்குப் பின்னாடி சத்தமில்லாம முளைச்சுடும், ஒரு பல்லு விழுந்து அந்த இடத்துல வந்தாதானே வீட்ல யாராவது கவனிப்பாங்க, இது புதுசா வந்ததே யாருக்கும் தெரியறதில்ல. ஆயுசு முழுக்க சாப்பிட வேண்டிய பல்லு அது. பால் பல்லுன்னு நினைச்சு கைவிடப்படறது பெரும்பாலும் இந்தப் பல்லுதான், தாடை எலும்புல பிரச்சனைன்னு வர்ற குழந்தைங்களுக்கும் அடிக்கடி மாட்டறது இதே பல்லுதான்.

அடுத்து அந்த வலி. ரெண்டு ராத்திரி அழுதா, அப்புறம் தானா நின்னுடுச்சுன்னு எழுதியிருக்கீங்க இல்ல, அது சரியானதால நிக்கல, பல்லுக்குள்ள இருந்த நரம்பும் ரத்தக்குழாயும் செத்துப்போனதால நின்னுச்சு. வலியைச் சொல்ல ஆளில்ல, அவ்வளவுதான். கிராம்பு தைலம் வேலை செஞ்சுடுச்சுன்னு நாம நிம்மதியா இருப்போம், உள்ள கிருமி அந்தச் செத்த நரம்பையே சாப்பாடா எடுத்துக்கிட்டு வேர் வழியா இறங்கி நுனியில இருக்கற ஓட்டையைத் தாண்டி எலும்புக்குப் போயிடும். கீழ்த் தாடைக்கு மேல் தாடை அளவுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, வெளிப்பக்க எலும்பும் கெட்டி, அதனால அங்க போன கிருமி லேசுல வெளிய வராது.

குழந்தைங்க எலும்புல ஒரு விசேஷம் இருக்கு. எலும்பு மேல ஒரு சவ்வு போர்த்தியிருக்கும், வளர்ற வயசுல அது ரொம்ப சுறுசுறுப்பு. உள்ள இருந்து கிருமி லேசா, நாள்பட உரசிக்கிட்டே இருந்தா அந்தச் சவ்வு கோபப்பட்டு ஒரு அடுக்கு புது எலும்பு போடும், அதுக்கு மேல இன்னொரு அடுக்கு, இப்படியே. எக்ஸ்ரேல பார்த்தா வெங்காயத்தைக் குறுக்கால வெட்டின மாதிரி வரி வரியா தெரியும். அதனாலதான் உங்க பொண்ணு வீக்கம் கல்லு மாதிரி இருக்கும், அவ பின்னாடி நின்னு ரெண்டு கையாலயும் ரெண்டு பக்கத் தாடை ஓரத்தையும் ஒரே நேரத்துல தடவிப் பாருங்க, வலது பக்கம் எலும்பே தடிச்சிருக்கறது விரலுக்குத் தெரியும், மேல தோல் சாதாரணமா இருக்கும், சிவப்பு சூடு எதுவும் இருக்காது. பொன்னுக்கு வீங்கின்னா அப்படி இல்ல, காதுக்கு முன்னாடியும் கீழயும் மெத்துன்னு வீங்கி காது மடலையே தூக்கிவிடும், காய்ச்சல் இருக்கும், பத்து நாளுக்குள்ள தானாவே வடிஞ்சுடும். தானா வடியறதாலதான் சங்கிலிக்கு அவ்வளவு பேரு! அத்தையைத் திட்டாதீங்க, ஆனா சங்கிலியை வாங்கி பீரோல வச்சுடுங்க, ஸ்கூல்ல தொலைச்சுட்டு வந்தா அது தனிக் கேஸ்.

இந்த அடுக்கு எலும்பு வகைக்கு காரே ஆஸ்டியோமைலைட்டிஸ்னு பழைய பேரு ஒண்ணு உண்டு, கார்ல் காரேன்னு ஒரு சுவிஸ் சர்ஜன் 1893-ல எழுதினதை வச்சு வந்த பேரு. அவர் எழுதினது பெரும்பாலும் கால் எலும்பைப் பத்தி, எக்ஸ்ரேயே 1895-லதான் கண்டுபிடிச்சாங்க, அப்ப அவர் எப்படி வெங்காய அடுக்கைப் பார்த்திருப்பார்னு எங்க ஆளுங்க இன்னும் சண்டை போட்டுக்கறாங்க. உங்க டாக்டர் சீட்டுல அந்தப் பேரு எழுதியிருந்தா குழம்பாதீங்கன்னுதான் சொன்னேன்.

ஆன்டிபயாட்டிக் ஏன் கேட்கலங்கறதுக்கும் பதில் இதுலயே இருக்கு. மருந்து ரத்தம் வழியாதான் போகணும், செத்த பல்லுக்குள்ள ரத்தமே ஓடாது. எலும்புல இருக்கற கிருமியைக் கொஞ்சம் அடக்கும், வீக்கம் இறங்கும், கோர்ஸ் முடிஞ்சதும் பல்லுக்குள்ள பத்திரமா இருக்கற கூட்டம் திரும்ப இறங்கி வரும். வீட்டுக்குள்ள தண்ணி வருதுன்னா குழாயை மூடாம துடைச்சுக்கிட்டே இருக்கற கதை. பல்லை என்ன பண்றதுன்னு முடிவெடுக்காம மூணாவது கோர்ஸ் கொடுக்கறதுல அர்த்தமே இல்ல, இதை நான் அழுத்தியே சொல்றேன்.

பல்லை எடுக்கணுமா, ரூட் கேனால் பண்ணலாமா? ரெண்டுக்குமே நோக்கம் ஒண்ணுதான், கிருமியோட வீட்டைக் காலி பண்றது. மேல் பாகம் ஓரளவுக்கு மிச்சம் இருந்து, பின்னாடி தொப்பி போட நிக்கும்னா ரூட் கேனாலே கேட்டுப் பாருங்க, 9 வயசுல வேர் கிட்டத்தட்ட முழுசா வளர்ந்திருக்கும். ஈறு மட்டத்துக்கு கரைஞ்சு போயிருந்தா பிடிவாதம் வேண்டாம், எடுத்துடுங்க. 12 வயசு வாக்குல பின்னாடி இன்னொரு கடைவாய்ப்பல்லு வரும், அது நகர்ந்து இந்த இடத்தைப் பிடிக்குமா இல்ல சாய்ஞ்சுக்குமான்னு குழந்தைங்க பல் டாக்டர்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டு வச்சுக்கோங்க. பல்லு வேலை முடிஞ்சும் வீக்கம் மறுநாளே போகாது. போட்டது நிஜ எலும்பு ஆச்சே, உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு பழைய வடிவத்துக்குக் கொண்டுவர மாசக்கணக்குல ஆகும், சில பேருக்கு 6 மாசம், சில பேருக்கு ஒரு வருஷம். எலும்பைச் செதுக்கற ஆபரேஷனெல்லாம் பொதுவா தேவைப்படாது. சீழ் ஒழுகி, எலும்புத் துண்டே செத்து தனியா நிக்கற வகைக்குத்தான் அந்தத் துண்டை எடுத்து, வாரக்கணக்குல மருந்து கொடுக்கற வைத்தியம்.

கேன்சர் விஷயத்தை மறைக்க மாட்டேன். யூயிங் சார்கோமான்னு ஒரு எலும்புக் கட்டிலயும் எக்ஸ்ரேல இதே மாதிரி அடுக்கு தெரியும், நீங்க நெட்ல பார்த்தது அதுவாத்தான் இருக்கும். ஆனா அது அபூர்வம், உங்க பொண்ணுக்கு வீக்கத்துக்கு நேர் மேலயே செத்த பல்லு உட்கார்ந்திருக்கு. பல்லைச் சரி பண்ணியும் வீக்கம் குறையாம ஏறிக்கிட்டே போனாலோ, கீழ் உதடு மரத்துப் போனாலோ அப்ப ஸ்கேனும் ஒரு சின்ன துண்டு எடுத்து டெஸ்ட்டும் சொல்வாங்க, சொன்னா பண்ணிடுங்க, பயந்துகிட்டு தள்ளிப் போடாதீங்க.

இதுக்கு நடுவுல காய்ச்சல் ஏறி வாயைத் திறக்க முடியாம போனாலோ, வீக்கம் தாடைக்கு அடியில கழுத்துப் பக்கம் பரவி எச்சில் முழுங்கக் கஷ்டப்பட்டாலோ, மூச்சு திணறினாலோ, அப்பாயின்ட்மென்ட் நாளுக்குக் காத்திருக்காதீங்க, ராத்திரி எத்தனை மணியானாலும் பெரிய ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்குத் தூக்கிட்டுப் போங்க.

கேள்வி: என் பையனுக்கு 11 வயசு, இடது தாடைக்குக் கீழ தோல்ல ஒரு கட்டி, உடைஞ்சு சீழ் வருது, ஆறுது, மறுபடி அதே இடத்துல. இதோட நாலு தரம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சு பத்து போட்டோம், ஒத்தடம் கொடுத்தோம், ஆயின்மென்ட் ரெண்டு மாத்திட்டோம். பல்லு வலின்னு அவன் சொன்னதே இல்ல.
– ஒரு அம்மா, விருத்தாசலம்

பதில்: ஒரே இடத்துல நாலு தரம் உடையற கட்டி தோல்ல பிறந்ததா இருக்காது, சீழ் எங்கிருந்தோ வழி போட்டுக்கிட்டு வருது. பல்லு வலின்னு சொல்லலங்கறது எனக்கு ஆறுதலா இல்ல, மேல சொன்ன அதே கதைதான், செத்த பல்லு வலிக்காது. அந்தக் கட்டியை விரலால லேசா அசைச்சுப் பாருங்க, அடியில தாடையோட கயிறு கட்டின மாதிரி இழுத்தா கிட்டத்தட்ட நிச்சயம். பல் டாக்டர் அந்தத் துவாரத்துல இளஞ்சிவப்பா மெல்லிசா ஒரு ரப்பர் குச்சியை நுழைச்சு அப்படியே எக்ஸ்ரே எடுப்பார், குச்சி நேரா போய் எந்தப் பல்லு வேர்கிட்ட நிக்குதோ அதுதான் குற்றவாளி, பார்க்கவே ஆச்சரியமா இருக்கும். பல்லுக்கு வைத்தியம் பண்ணிட்டா தோல்ல இருக்கற துவாரம் தையல் எதுவும் இல்லாம ஒண்ணு ரெண்டு வாரத்துல மூடிக்கும், சின்னதா ஒரு குழி மட்டும் தங்கலாம். வெளிய ஒத்தடம் கொடுக்கறதை இன்னைக்கே நிறுத்துங்க, சூடு வைக்க வைக்க சீழுக்கு தோல் பக்கமா வழி காட்டிவிடற மாதிரி ஆகுது. ஊருக்குப் பக்கத்துலயே சிதம்பரத்துல அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, காலையிலயே போயிடுங்க.

கேள்வி: 4 வயசு பொண்ணுக்கு பால் பல்லு நாலு கறுத்துப் போச்சு. விழப்போற பல்லுக்கு எதுக்கு இவ்வளவு செலவுன்னு என் வீட்டுக்காரர் கேக்கறார். சின்னவனுக்கு ஒன்றரை வயசு, அவனுக்கு இன்னும் ஒண்ணும் இல்ல.
– வாசகி, சேலம்

பதில்: முன்பல்லுன்னா 6, 7 வயசுல விழும், கடைவாய்ப் பால் பல்லு 10, 12 வயசு வரைக்கும் இருக்கணும், அதாவது இன்னும் 6 வருஷத்துக்கு மேல அவ அதை வச்சுத்தான் மெல்லணும்னு அவர்கிட்ட சொல்லுங்க. இன்னொண்ணு, பால் பல்லு வேருக்கு அடியிலயே நிரந்தரப் பல்லோட மொட்டு உட்கார்ந்திருக்கு, மேல சீழ் கட்டினா அந்த மொட்டுக்கும் அடி விழும், 11 வயசுல வெளிய வரும்போதே மஞ்சளாவோ பழுப்பாவோ சொரசொரன்னு வரும். பெரியவளுக்கு பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட், சின்னவனுக்கு அரிசி அளவு போதும், ராத்திரி தேய்ச்ச பிறகு பால் பாட்டில் கிடையாது. அவளைக் கூட்டிட்டுப் போற அன்னைக்கு அவனையும் இடுப்புல தூக்கிட்டுப் போயிடுங்க, ஒன்றரை வயசுன்னா முதல் தடவை காட்டறதுக்கே கொஞ்சம் லேட்டு.