மழை நாள் தவறினால்: உழவர் கேள்வி-பதில்

சம்பா நட்டு இருபது நாள் ஆகிறது. நாலு நாளாகப் பயிர் தண்ணீருக்குள் கிடக்கிறது. தேறுமா? (திருத்துறைப்பூண்டி)

தேற வாய்ப்பு உண்டு. முதலில் வடிகாலை வெட்டி விடுங்கள். தண்ணீர் நிற்கும்போதே யூரியா வீசினால் அது பக்கத்து வயலுக்குத்தான் போகும். வடிந்ததும் ஒரு குத்தைப் பிடுங்கிப் பாருங்கள். வெள்ளையாகப் புது வேர் விட்டிருந்தால் பயிர் பிழைத்துவிட்டது. கறுத்து நாற்றமடித்தால் அந்த இடத்தில், அதிகம் தூர் (பக்கக் கிளை) கட்டிய குத்துகளைக் கலைத்து நடுங்கள்.

பிழைத்த பயிருக்கு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடலாம்.

வருஷா வருஷம் மூழ்கும் பள்ளக்கால் என்றால் அடுத்த முறை சி.ஆர். 1009 சப்-1 என்ற நெல் ரகத்தைப் போட்டுப் பாருங்கள். இளம்பயிராக மூழ்கினால் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். ஆனால் ஐந்து மாதத்துக்கு மேல் வயதுள்ள ரகம். கடைசித் தண்ணீர் தை வரை வருமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். கதிர் வந்தபின் சாய்ந்து மூழ்கினால் இந்த ரகமும் காப்பாற்றாது.

புழுதியில் நெல் விதைத்தேன். ஒரு மழையில் முளைத்தது, அப்புறம் மழையே இல்லை, கருகிவிட்டது. (முதுகுளத்தூர்)

மானாவாரிக்காரர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். விதையைக் கடினப்படுத்தி விதையுங்கள்: லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு, ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் கரைசல், 16 மணி நேரம் ஊறல். அப்புறம் பழைய எடைக்கு வரும்வரை நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காயப்போட்டால் பட்ட பாடு வீண். இதெல்லாம் சில நாள் வறட்சிக்குத்தான் ஈடுகொடுக்கும், மாதக்கணக்குக்கு அல்ல. அதனால் எல்லா நிலத்தையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். பாதியைப் பத்து நாள் தள்ளிப் போடுங்கள்.

கோடை நெல்லில் பாதி பதர். விதை மோசமா?

விதையைத் திட்டாதீர்கள். பூக்கும் நேரத்தில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் செத்து மணி பிடிக்காது. சித்திரை வெயிலில் பூக்காதபடி விதைப்பு நாளை மாற்றுங்கள். முடியாவிட்டால் அந்தப் போகத்துக்கு உளுந்து போதும்.

அறுத்து வயலில் போட்டிருந்த நெல் மழையில் நனைந்தது. காப்பீடு கிடைக்குமா?

பிரதமர் பயிர்க் காப்பீட்டில் அறுவடைக்குப் பிந்தைய இழப்புக்கு 14 நாள் வரை இடமுண்டு. உங்கள் மாவட்ட அறிவிப்பில் அந்தப் பிரிவு சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சேதத்தை 72 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். நானே ஒரு தை மாதம், நெல் நனைந்த நாலாம் நாள் போய் நின்று வெறுங்கையோடு திரும்பியவன். நனைந்த அரிகளை (அறுத்துப் போட்ட கதிர்களை) போட்டோ எடுங்கள், அடங்கலை (வி.ஏ.ஓ. தரும் சாகுபடிச் சான்றை) கையில் வையுங்கள். போனில் சொன்னால் பதிவு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் வைக்காதீர்கள்.