ரேட்டிங் பட்டனை அழுத்தினால் பெட்டி வருவதில்லை – பதில்

செட்டிங்ஸில் 'ரேட் செய்யுங்கள்' பட்டன் வைத்து அதில் ப்ளே ஸ்டோரின் இன்-ஆப் ரிவ்யூவை (ஆப்பை விட்டு வெளியேறாமலே ஸ்டார் கொடுக்க வைக்கும் பெட்டி) அழைக்கிறீர்கள். சில நேரம் வருகிறது, பல நேரம் இல்லை, எர்ரரும் காட்டவில்லை என்கிறீர்கள். கோடில் தப்பில்லைங்க, அழைக்கும் இடம்தான் தப்பு. ஒரே பயனருக்கு அந்தப் பெட்டியை அடிக்கடி காட்டாமலிருக்க கூகுள் ஒரு கோட்டா வைத்திருக்கிறது. அது தீர்ந்துவிட்டால் பெட்டி வராது. ஆனாலும் உங்கள் கோடுக்கு 'முடிந்தது' என்றே பதில் வரும். ஸ்டார் கொடுத்தாரா, மூடிவிட்டாரா என்பதும் தெரியாது.

பட்டனுக்கு ஸ்டோர் பக்கத்தின் லிங்க்கைக் கொடுத்துவிடுங்கள். பெட்டியை, பயனர் ஒரு வேலையை முடித்த கையோடு அழையுங்கள்: பில் சேவ் ஆனதும் என்பதுபோல. ஆப் திறந்ததுமே கேட்டால் எரிச்சலில் ஒரு ஸ்டார்தான் விழும். 'ஆப் பிடித்திருக்கிறதா?' என்று முதலில் கேட்டு வடிகட்டும் குறுக்குவழியும் வேண்டாம், கூகுளின் வழிகாட்டுதலே அதைக் கூடாது என்கிறது.

சோதிக்க இன்டர்னல் ஆப் ஷேரிங் (வெளியிடாமலே லிங்க் மூலம் ஆப்பைப் பகிரும் ப்ளே வசதி) போதும். அங்கே கோட்டா இல்லை. சப்மிட் பட்டன் மங்கலாக இருக்கும், பயப்படாதீர்கள். ஐபோனிலும் இப்படி வரம்பு உண்டு: ஒரு ஆப்புக்கு 365 நாளில் 3 முறைதான் பெட்டி வரும்.

ப்ளே ஸ்டோரில் பயனர் எழுதிய ரிவ்யூவுக்கு நீங்கள் பதில் எழுத 350 எழுத்துதான் இடம். தமிழில் 'கொ' என்பதே இரண்டாகக் கணக்காகும். அவர் சொன்ன குறையை எந்த வெர்ஷனில் சரிசெய்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே போடுங்கள்.