மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஏன் தனி டிஎன்ஏ?

செல்லின் டிஎன்ஏ உட்கருவில்தானே இருக்கிறது, செல்லுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்கு மட்டும் தனியாக எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அதன் மூதாதை தனியாக வாழ்ந்த ஒரு பாக்டீரியா என்பதுதான் காரணம். 100 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வேறொரு செல்லுக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது. 1967இல் அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் இதை விரிவாக எழுதியபோது பலர் ஏற்கவில்லை. ஆனால் தடயங்கள் வலுவானவை: இரட்டைச் சவ்வு, பாக்டீரியாவுக்கு இருப்பது போன்ற வட்ட டிஎன்ஏ, புரதம் செய்யும் சொந்த ரைபோசோம்கள், இரண்டாகப் பிரிந்து பெருகும் விதம்.

சரி, அந்த டிஎன்ஏவில் என்ன இருக்கிறது? மனிதரில் வெறும் 37 மரபணுக்கள். புரதம் செய்யச் சொல்பவை அதில் 13தான்; அந்தப் புரதங்கள் எல்லாமே செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் தயாரிப்பில் பங்கெடுப்பவை. மற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் உட்கரு மரபணுக்களின்படி வெளியே தயாராகி உள்ளே வருகின்றன. பழைய மரபணுக்களில் பல தொலைந்தன, சில உட்கருவுக்கே இடம் மாறின. குடிவந்தவர் தன் பெட்டிச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்ட கதை!

தாவரங்களில் ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகமும் இப்படி வந்ததுதான். அதன் மூதாதை, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாவான சயனோபாக்டீரியா.