ஈபி பில் தப்பா வந்திருக்கா? "அடுத்த பில்லுல சரியாயிடும்"னு சொன்னா ஒத்துக்காதீங்க

கேள்வி: எப்பவும் ரெண்டு மாசத்துக்கு 450 யூனிட் கிட்டதான் வரும். இந்த தடவை 1,470 யூனிட்னு போட்டு பன்னிரண்டாயிரத்துக்கு மேல வந்திருக்கு. செக்‌ஷன் ஆபீஸ்ல கேட்டா "முதல்ல கட்டிடுங்க, அடுத்த பில்லுல அட்ஜஸ்ட் ஆயிடும்"ங்கறாங்க. மின்னகத்துல (தமிழ்நாடு மின்வாரியத்தோட புகார் மையம்) கம்ப்ளைண்ட் குடுத்தா தீர்வு ஆயிடுச்சுன்னு மெசேஜ் வந்துச்சு, ஆனா பில் அப்படியேதான் இருக்கு. கட்டலாமா?

பதில்: முழுசா கட்டாதீங்க. முதல்ல மீட்டர்கிட்ட போங்க. டிஜிட்டல் மீட்டர்ல தேதி, நேரம், வோல்டேஜ்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு ஓடிட்டே இருக்கும், பலபேர் ஏதோ ஒரு நம்பரை போட்டோ எடுத்துட்டு போய் திட்டு வாங்கிட்டு வர்றாங்க, பக்கத்துல கேடபிள்யூஹெச்னு காட்டுற நம்பர் வர்ற வரைக்கும் நின்னு மீட்டர் சீரியல் நம்பரும் சேர்ந்து தெரியுற மாதிரி எடுங்க. அதை பில்லுல இருக்கற ரீடிங்கோட ஒப்பிடுங்க. போன தடவை 21,460, இப்ப மீட்டர்ல 21,930, ஆனா பில்லுல 22,930னு ஏறியிருந்தா, ஒரே ஒரு இலக்கம் தப்பு, அவ்ளோதான் மேட்டர். நிஜ யூனிட் 470, பில் ஆயிரத்து அறுநூறு ரூபாய் கிட்டதான் வரும்.

இப்ப அந்த "அட்ஜஸ்ட்" கதைக்கு வருவோம், இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. கூடுதலா ஏறின 1,000 யூனிட்டுல கிட்டத்தட்ட பாதி யூனிட்டுக்கு நீங்க குடுக்கறது மேல் ஸ்லாப் ரேட் (யூனிட் கூடக் கூட ரேட்டும் படிப்படியா ஏறும், அதுல உச்சப் படி), யூனிட்டுக்கு பதினோரு ரூபாய்க்கு மேல. 500 யூனிட்டை தாண்டினதால 101ல இருந்து 200 வரைக்குமான குறைஞ்ச ரேட்டும் போச்சு. அடுத்த தடவை ரீடிங் எடுக்க வந்தா மீட்டர் இன்னும் 22,930ஐ தொட்டிருக்காது, அப்போ பூஜ்யம்னு போடுவாங்க, அதுக்கடுத்ததும் கிட்டத்தட்ட அப்படித்தான். அந்த பில்லுங்கள்ல உங்களுக்கு மிச்சமாகறது கீழ் ஸ்லாப் காசு, அதுலயும் இலவச 100 யூனிட் வீணாப் போகும். யூனிட் கணக்கு சரியாயிடும், ரூபாய் கணக்கு சரியாகாது. அதனால வாயால கேக்காதீங்க, ஏ.இ.க்கு (செக்ஷன் ஆபீஸ் உதவிப் பொறியாளர்) "பில்லை ரிவைஸ் பண்ணித் தாங்க"னு லெட்டர் எழுதி, போட்டோ, வெள்ளை அட்டை (ரீடிங் எழுதற கார்டு) ஜெராக்ஸ் வெச்சு குடுத்து, உங்க காப்பில சீல் வாங்குங்க. சீல் போட யோசிச்சாங்கன்னா பதிவுத் தபால்ல அனுப்பிடுங்க.

"கட்டலைன்னா ஃபியூஸ் புடுங்கிடுவோம்"னு பயமுறுத்துவாங்க. மின்சார சட்டம் 2003, பிரிவு 56 படி 15 நாள் எழுத்துல நோட்டீஸ் குடுக்காம கட் பண்ண முடியாது. அதே பிரிவுல, ஆட்சேபம் தெரிவிச்சு, கேட்ட தொகை, இல்லைன்னா முந்தின 6 மாச சராசரி கட்டணம், இதுல எது குறைவோ அதை டெபாசிட் பண்ணிட்டா தகராறு முடியற வரைக்கும் லைனை கட் பண்ணக் கூடாதுன்னும் இருக்கு. லெட்டர்லயே இந்த பிரிவை எழுதிடுங்க, கவுன்ட்டர்ல பேச்சு மாறும் பாருங்க.

மின்னகம் 94987 94987க்கு மறுபடி போட்டு, "தீர்வு ஆகல, மறுபடி பதிவு பண்ணுங்க"ன்னு புது நம்பர் வாங்குங்க, பழைய நம்பரையும் சொல்லுங்க. கரண்ட் போச்சு, கம்பி அறுந்துச்சுன்னா அவங்க பரவால்ல, பில் விஷயத்துல ஃபார்வர்ட் பண்றதோட சரி.

ரீடிங் சரியா இருந்து யூனிட் மட்டும் கூடியிருந்தா அது வேற கேஸ். கட்டணம் கட்டி மீட்டரை டெஸ்ட் பண்ணக் கேளுங்க. இல்லைன்னா ரீடிங் தேதியைப் பாருங்க, 60 நாளுக்கு பதிலா 70 நாள் கழிச்சு வந்திருந்தா ஒரு நாளைக்கு 8 யூனிட் வீட்டுலயும் 480, 560 ஆயிடும், 500ஐ தாண்டிடும். அதையும் லெட்டர்ல கேளுங்க.

ஏ.இ. அசையலைன்னா உங்க மின் பகிர்மான வட்டத்துல இருக்கற நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கு மனு போடுங்க, வக்கீல் தேவையில்ல, அங்கயும் ஒத்துவரலைன்னா சென்னையில இருக்கற மின்சார ஆம்பட்ஸ்மன் (மேல்முறையீட்டை விசாரிக்கறவர்)கிட்ட போங்க. ரிவைஸ் ஆயிடுச்சுன்னு யாராவது சொன்னா உடனே பணம் கட்டாதீங்க, வெப்சைட்ல உங்க சர்வீஸ் நம்பரைப் போட்டு புது தொகை ஏறிடுச்சான்னு பாத்துட்டு கட்டுங்க.